பழைய பொருளை ஆன்லைனில் விற்கும்போது பணம் நிஜமாகவே வந்ததா? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் யாராவது ஒருவர் எப்போதும் வீடு காலி செய்துகொண்டே இருக்கிறார். பிஜியில் இருந்தவருக்குக் கல்யாணமாகி அல்சூரில் வீடு பிடிப்பார். பெல்லந்தூரில் இருந்தவருக்கு ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டிக்கு மாறும். இன்னொருவர் வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கே திரும்புவார். கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தமிழ்நாட்டு நம்பர் பிளேட் பைக் என்று எதையாவது விற்றுத்தான் ஆக வேண்டும், அதுவும் மாதக் கடைசிக்குள். ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ விளம்பரம் போட்டால் அரை மணி நேரத்தில் போன் வருகிறது. அதில் யார் நிஜமாக வாங்க வருகிறவர், யார் உங்களைக் குறிவைத்து வருகிறவர் என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

விற்பவரை ஏமாற்றுகிறவர்களில் இரண்டு வகை. முதல் வகைக்கு உங்கள் பொருள் வேண்டும், பணம் கொடுக்க மனமில்லை. அவன் வாசல் வரை வருவான், போனில் பச்சை நிற டிக் காட்டுவான், பொருளோடு போய்விடுவான். இரண்டாம் வகைக்கு உங்கள் கட்டிலும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கில் இருப்பதுதான் வேண்டும். அவன் நேரில் வரவே மாட்டான். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எதைச் சரிபார்ப்பது, கடைசியில் எங்கே புகார் கொடுப்பது என்பதெல்லாம் வகைக்கு வகை மாறும்.

விளம்பரம் போடும் முன்

சம்பளம் வரும் கணக்கை விற்பனைக்குப் பயன்படுத்தாதீர்கள். பெங்களூரில் வேலை மாறினவர் பெரும்பாலானவர்களிடம் பழைய கம்பெனி திறந்து கொடுத்த கணக்கு ஒன்று சும்மா கிடக்கும். அதில் சில நூறு ரூபாய் மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கென்று தனி யூபிஐ ஐடி ஒன்று உருவாக்குங்கள். போன் நம்பரே ஐடியாக இருக்க வேண்டாம். தவறிப் போய் பின் போட்டுவிட்டாலும் போவது அந்தச் சில நூறுதான். பிற்பாடு கணக்கு முடங்கினாலும் வீட்டு வாடகை நிற்காது. (முடங்குவது பற்றிக் கீழே சொல்கிறேன்.)

அடுத்து, அந்தக் கணக்கின் இருப்பை இரண்டு வழியில் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று வங்கியின் சொந்த ஆப். இன்னொன்று இணையம் இல்லாமல் பார்க்கும் வழி. பல வங்கிகளில் பதிவு செய்த எண்ணிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்எம்எஸ்ஸாக வரும். இது எதற்கு என்றால், இந்த ஊர் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்களில் சிக்னல் இருக்காது. பைக் நிற்பதும் அங்கேதான், பேரம் முடிவதும் அங்கேதான். “எனக்குப் போயிடுச்சு, உங்களுக்கு டவர் இல்ல” என்று சொல்ல அதைவிட வசதியான இடம் கிடையாது. பணம் கைமாறும் நேரத்தில் மேலே கேட் பக்கம் வந்துவிடுங்கள்.

விளம்பரத்தில் வீட்டு நம்பர், ஆர்சி புக், பில் படம் எதையும் போடாதீர்கள். ஏரியா பெயர் போதும். முடிந்தால் போன் நம்பரையும் மறைத்துவிட்டு, ஆப்பின் உள்ளே சாட்டில் மட்டும் பேசுங்கள்.

முதல் போன்

எட்டாயிரம் என்று போட்ட சோபாவுக்கு நிஜமாக வாங்க வருகிறவர் என்ன கேட்பார்? எந்த வருஷம் வாங்கினது, கிழிசல் இருக்கா, எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா, நாலாயிரத்துக்குத் தருவீர்களா. எரிச்சலாக இருக்கும், ஆனால் அவர்தான் உங்கள் ஆள். பெங்களூரில் பழைய சோபாவுக்குப் பேரம் பேசாமல் வாங்குகிறவர் இருப்பதாக எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏமாற்ற வருகிறவன் பொருளைப் பற்றிக் கேட்கவே மாட்டான். “ஓகே சார், டன். இப்பவே பேமெண்ட் பண்ணிடறேன், விளம்பரத்த எடுத்துடுங்க” என்பான். நேரில் பார்க்க வரச் சொன்னால், தம்பி வருவான், வேலைக்காரன் வருவான், டெம்போ அனுப்புகிறேன் என்பான்.

இந்த வகையில் பழைய நாடகம் ஆர்மிக்காரர் வேஷம். ராணுவத்திலோ சிஐஎஸ்எஃப்பிலோ இருப்பதாகவும், டிரான்ஸ்ஃபர் ஆகி வருவதாகவும் சொல்வான். அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, சீருடைப் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புவான். அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ராணுவத்தின் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) சென்டரும் யெலஹங்காவில் விமானப் படைத் தளமும் இருக்கிற ஊரில் இது எளிதாக எடுபடும். நம் ஆட்களுக்கு ராணுவத்தின் மேல் இருக்கும் மரியாதைதான் அவனுக்கு முதலீடு. படத்தில் இருக்கும் அட்டை உண்மையானதாகவே இருக்கலாம், யாரோ ஒரு பாவப்பட்டவருடையது. அப்புறம் “ஆர்மி அக்கவுண்ட்ல சிஸ்டம் வேற, நீங்க முதல்ல ஒரு ரூபா அனுப்புங்க, டபுளா திரும்பி வரும்” என்பான். ராணுவத்தில் அப்படி ஒரு முறையே கிடையாது. வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களிடம் அட்வான்ஸ் தருவதாகச் சொல்லியும் இதே கதைதான் ஓடுகிறது.

தமிழில் பேசுகிறார் என்பதும் சான்று அல்ல. கன்னடமும் இந்தியும் காதில் விழுந்து களைத்துப் போன நேரத்தில் “அண்ணா, நானும் மதுரைதான்” என்று ஒரு குரல் கேட்டால் மனசு இளகத்தான் செய்யும். இளகட்டும், பொருள் மட்டும் பணம் வரும் வரை வீட்டிலேயே இருக்கட்டும்.

க்யூஆர், லிங்க், ஒரு ரூபாய்

பணம் வாங்குவதற்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. உங்கள் யூபிஐ ஐடியைக் கொடுத்தால் போதும், அல்லது உங்கள் க்யூஆரை நீட்டினால் போதும். ஸ்கேன் செய்பவர் பணம் கொடுப்பவர். யூபிஐ பின் போடுகிறவர் பணம் கொடுப்பவர். வாங்குபவர் ஒரு க்யூஆரை அனுப்பி, “இத ஸ்கேன் பண்ணுங்க, எட்டாயிரம் வந்துடும்” என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

“பின் போடாவிட்டால் ஆபத்தில்லை” என்று பலர் சொல்கிறார்கள். இப்போது அது முழு உண்மை இல்லை. சிறு தொகைகளைச் சட்டென்று அனுப்புவதற்கான யூபிஐ லைட் வைத்திருந்தால் ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் கேட்காமலே போகும். 2025 அக்டோபரிலிருந்து சிறிய தொகைகளுக்குப் பின்னுக்குப் பதில் கைரேகையோ முகமோ காட்டும் வசதியும் வந்துவிட்டது. விரல் வைப்பதும் பின் போடுவதும் ஒன்றே. ஆகவே பின் வரை போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். ஸ்கேன் செய்யச் சொல்லும் இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

முன்பெல்லாம் கலெக்ட் ரிக்வெஸ்ட் (உங்களிடம் பணம் கேட்டு யூபிஐ ஆப்பில் வரும் கோரிக்கை) அனுப்பி ஏமாற்றுவது அதிகமாக இருந்தது. ‘பணம் பெற அனுமதிக்கவும்’ என்கிற மாதிரி ஒரு குறிப்போடு வரும், அழுத்திப் பின் போட்டால் உங்கள் பணம் போகும். தனிநபர்களுக்கு இடையே நடந்த இந்தக் கலெக்ட் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் யூபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. வணிகர் கணக்கிலிருந்து வரும் கோரிக்கைகள் இன்னும் இருக்கின்றன. கடை பெயரிலோ கம்பெனி பெயரிலோ அப்படி ஒன்று வந்தால் டிக்லைன் செய்துவிடுங்கள். சோபா வாங்குகிறவர் உங்களிடம் பணம் கேட்டு எதற்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும்?

ஒரு ரூபாய் விளையாட்டில் இன்னொரு திருப்பமும் உண்டு. முதலில் அவனே உங்களுக்கு ஒரு ரூபாயோ ஐந்து ரூபாயோ நிஜமாக அனுப்புவான். வந்ததைப் பார்த்ததும் உங்கள் சந்தேகம் கரைந்துவிடும். அடுத்து வருவது க்யூஆர்.

லிங்க் விஷயம் சுருக்கமானது. “டெலிவரி நாங்களே எடுத்துக்கறோம், இந்தப் பக்கத்துல கார்டு டீடெயில்ஸ் போட்டா பணம் ஏறிடும்” என்று வரும் பக்கம் எவ்வளவு அசலாகத் தெரிந்தாலும் திறக்காதீர்கள். பணம் வாங்க கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்க ரகசிய எண்ணோ ஓடிபியோ தேவையே இல்லை. வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தால் இன்ஸ்டால் செய்யாதீர்கள். உங்கள் போனை வேறொருவர் தூரத்திலிருந்து பார்க்க விடும் எனிடெஸ்க் போன்ற ஆப்பைப் போடச் சொன்னாலும், வாட்ஸ்அப் வீடியோ காலில் ஸ்க்ரீன் ஷேர் கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.

“ஐயோ, ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன்”

இது தனியாகச் சொல்ல வேண்டியது, நல்ல மனசு உள்ளவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். இரண்டாயிரம் ரூபாய் ஸ்டடி டேபிளுக்கு இருபதாயிரம் வந்ததாக ஒரு எஸ்எம்எஸ் வரும். பின்னாலேயே போன் வரும். “தப்பா போட்டுட்டேன் சார், ஆஸ்பத்திரிக்கு வெச்சிருந்த காசு, மிச்சம் பதினெட்டாயிரத்த உடனே அனுப்பிடுங்க.” பக்கத்தில் யாரோ அழும் சத்தம்கூடக் கேட்கும்.

அந்த எஸ்எம்எஸ் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வங்கியின் செய்தி பத்து இலக்கப் போன் எண்ணிலிருந்து வராது. எழுத்துகளால் ஆன பெயரிலிருந்து வரும். இப்போது அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு எஸ், டி போன்ற ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். விளம்பரச் செய்தி என்றால் பி. ஆனாலும் எஸ்எம்எஸ்ஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில வங்கிகள் சிறு தொகைக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதே இல்லை. நீங்களே வங்கி ஆப்பைத் திறந்து, கடைசிப் பரிவர்த்தனைகளில் அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான வழி.

சரி, நிஜமாகவே கூடுதல் பணம் வந்திருந்தால்? அப்போதும் அவர் சொல்லும் வேறொரு யூபிஐ ஐடிக்கு அனுப்பாதீர்கள். “உங்க வங்கியில சொல்லுங்க, நானும் என் வங்கியில எழுதித் தரேன், வந்த வழியிலேயே திரும்பட்டும்” என்று சொல்லிவிடுங்கள். நிஜமாகவே தவறிப் போட்டவர் இதற்கு ஒத்துக்கொள்வார்.

வாசலில் நிற்கும் ஆள்

இனி முதல் வகை. ஆள் நல்ல சட்டை போட்டு வருவான், பொருளைப் பார்ப்பான், பேரம்கூடப் பேசுவான். உங்கள் க்யூஆரை ஸ்கேன் செய்வதுபோல் போனைப் பிடிப்பான், டிங் என்று சத்தம் வரும், உங்கள் பெயர், தொகை, பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண் எல்லாம் திரையில் தெரியும். ஃபோன்பே, பேடிஎம் திரையை அச்சு அசலாகப் போலி செய்யும் ஆப்கள் இருக்கின்றன. பெயரும் தொகையும் அடித்தால் வெற்றி என்று காட்டும், அவ்வளவுதான் அவற்றின் வேலை. கடைக்காரர்களுக்காவது ‘பணம் பெறப்பட்டது’ என்று சொல்லும் சவுண்ட் பாக்ஸ் இருக்கிறது, வீட்டில் விற்கும் நமக்கு அதுவும் இல்லை.

ஆகவே அவன் போனைப் பார்க்கவே வேண்டாம். அவன் நீட்டினாலும் “இருங்க சார், என்னுதுல பாத்துக்கறேன்” என்று உங்கள் போனைத் திறங்கள். இருப்பைப் பார்க்கப் பின் கேட்கும், அது சரிதான். நீங்களாகப் போய்த் திறந்த பக்கத்தில் மட்டும் போடுங்கள், மேலே தோன்றும் நோட்டிஃபிகேஷனை அழுத்திப் போகாதீர்கள்.

வரவில்லையா? “சர்வர் டவுன், ரெண்டு மணி நேரத்துல ஏறிடும்” என்பான். யூபிஐயும் ஐஎம்பிஎஸ்ஸும் (வங்கிகளின் உடனடிப் பணப் பரிமாற்ற முறை) சாதாரணமாகச் சில நொடியில் வந்துவிடும். சில நேரம் நிஜமாகவே மாட்டிக்கொள்ளும், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் கணக்கில் கழிந்து உங்களுக்கு வந்து சேராத யூபிஐ பணம் அடுத்த நாளுக்குள் அவருக்கே திரும்ப வேண்டும் என்று 2019-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. அதாவது பெண்டிங் என்று நிற்கும் பணம் உங்களிடம் வராமலே போகலாம். அதை நம்பிப் பொருளைக் கொடுத்துவிட்டால், அவர் நேர்மையானவராக இருந்தால்கூட நாளைக்கு நீங்கள்தான் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ரொக்கமாகக் கொடுங்கள் அல்லது பணம் ஏறியதும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

வாங்குபவர் வராமல், போர்ட்டர் ஆப்பில் புக் செய்த சரக்கு வண்டியை மட்டும் அனுப்புவதும் உண்டு. டிரைவருக்கு எதுவும் தெரியாது, பாவம். அவர் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு ஏறும், அவர் கத்துவார், போனில் இவன் அவசரப்படுத்துவான், செக்யூரிட்டி வண்டியை நகர்த்தச் சொல்வார். இந்த நெருக்கடியில்தான் கை நழுவும். டிரைவரிடம் “துட்டு இன்னூ பந்தில்ல சார், ஸ்வல்ப வெயிட் மாடி” (பணம் இன்னும் வரவில்லை, கொஞ்சம் காத்திருங்கள்) என்று கன்னடத்தில் சொல்லிவிட்டால் அவரே உங்கள் பக்கம் நிற்பார். பெரிய அபார்ட்மெண்ட்களில் ஃபர்னிச்சர் வெளியே போக வீட்டுக்காரரின் கேட் பாஸ் வேண்டும். பணம் ஏறும் வரை அதை அப்ரூவ் செய்யாதீர்கள். தனி வீட்டில் இருப்பவர்கள், சிறிய பொருளாக இருந்தால் மெட்ரோ ஸ்டேஷன் வாசல் மாதிரி கேமராவும் கூட்டமும் இருக்கும் இடத்துக்கு வரச் சொல்லலாம்.

பத்தாயிரம், பதினைந்தாயிரத்துக்குள் என்றால் ரொக்கம் கேட்பதே எனக்குப் பிடித்த வழி. எண்ணி வாங்கினோமா, முடிந்தது. கார் மாதிரிப் பெரிய தொகைக்கு இது பொருந்தாது. ஒரே ஆளிடம் ஒரு நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

பைக் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியின் உரிமையை மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். டெஸ்ட் ரைடுக்குச் சாவி கொடுத்தால் பின்னால் ஏறி உட்காருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு வண்டி என்றால் ஊர் ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கும் வேலை இருக்கும். அந்தத் தாமதத்தைக் காட்டி “வண்டிய இப்ப எடுத்துக்கறேன், பாதிப் பணம் பேப்பர் வந்ததும்” என்பார்கள். பேப்பர் வரும் வரை வண்டி உங்களிடமே நிற்கட்டும்.

பணம் நிஜமாகவே வந்தும் வரும் தலைவலி

பணம் ஏறிவிட்டது, பொருளும் போய்விட்டது. சில வாரம் கழித்துக் கணக்கு முடங்குகிறது. வேறு ஏதோ மாநிலத்தில் ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம் உங்கள் கணக்கு வழியாகப் போயிருக்கிறது என்று அங்குள்ள சைபர் போலீஸ் சொல்லியிருப்பார்கள், வங்கி அந்தத் தொகையையோ முழுக் கணக்கையோ நிறுத்தி வைத்திருக்கும். திருடிய பணத்தில் போன், லேப்டாப் மாதிரி பொருளை வாங்கி விற்றுவிடுவது அவர்களுக்கு வசதியான வழி.

இதை முழுதாகத் தடுக்க முடியாது, குறைக்கலாம். எதிரில் நிற்பவர் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். “ஃபிரெண்ட் போடுவான்” என்று முன்பின் தெரியாத பெயரிலிருந்து வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விளம்பரம், சாட், அவர் அடையாள அட்டை, பொருளின் சீரியல் எண் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். ஒரு தாளில் என்ன விற்றேன், எவ்வளவுக்கு, என்றைக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது பழைய பழக்கம்தான், ஆனால் முடங்கிய கணக்கைத் திறக்கும்போது அதுதான் பேசும். முடங்கினால் வங்கியிடம் புகார் எண்ணையும் எந்தக் காவல் நிலையம் என்பதையும் எழுத்தில் வாங்கி, இந்தச் சான்றுகளை அங்கே அனுப்புங்கள்.

ஏமாந்துவிட்டால்

உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன். அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்குள் நிறுத்தப் பார்ப்பதுதான் அந்த எண்ணின் வேலை, அதனால் நிமிடங்கள் முக்கியம். உங்கள் வங்கி, கணக்கு எண், போன தொகை, நேரம், பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண், பணம் போன யூபிஐ ஐடி இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். கன்னடமோ இந்தியோ சரளமாக வராதவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட உட்கார வைத்துக்கொள்ளலாம். லைன் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் சைபர்கிரைம்.ஜிஓவி.இன் (cybercrime.gov.in) தளத்தில் பதிவு செய்யுங்கள். கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். வங்கியின் எண்ணை கூகுளில் தேடாதீர்கள், போலி கஸ்டமர் கேர் எண்கள் அங்கே காத்திருக்கின்றன. டெபிட் கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கஸ்டமர் கேர் எண் போதும்.

வங்கி ஈடு தருமா? ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வாடிக்கையாளர் தானே பின்னையோ ஓடிபியையோ கொடுத்து நேர்ந்த நஷ்டம், வங்கிக்குச் சொல்லும் வரை வாடிக்கையாளருடையது. சொன்ன பிறகு நடப்பதற்கு வங்கி பொறுப்பு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

போலி ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டிப் பொருளைக் கொண்டுபோனவன் விஷயம் வேறு. அங்கே உங்கள் கணக்கிலிருந்து எதுவும் போகவில்லை, 1930-ல் நிறுத்தி வைக்கப் பணமே இல்லை. அது நேராகக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய மோசடி வழக்கு, பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 318-ஆம் பிரிவு. ஆள் இன்னும் கேட் பக்கம் இருந்தால் அவசர எண் 112-க்குப் போன் செய்யுங்கள். போய்விட்டால் அபார்ட்மெண்ட் கேமராப் பதிவை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், பல இடங்களில் சில நாளில் அழிந்துவிடும். வண்டி எண், கேட் ரெஜிஸ்டரில் எழுதிய பெயர், போர்ட்டர் புக்கிங் என எதுவும் உதவும். “எங்க லிமிட் இல்ல” என்று திருப்பி அனுப்பினால் ஜீரோ எஃப்ஐஆர் என்று கேளுங்கள், எந்த நிலையத்திலும் பதிவு செய்யலாம். இணையம் வழியே ஆள்மாறாட்டம் நடந்திருந்தால் நகரத்தில் டிவிஷன் வாரியாக இருக்கும் சென் (சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்கான) காவல் நிலையத்துக்குப் போகலாம்.

புகார் கொடுத்த பிறகும் காத்திருக்க வேண்டிவரும். நிறுத்தி வைத்த பணம் கைக்கு வர நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம், அதனால் புகார் எண்ணைத் தொலைக்காதீர்கள். அந்த இடைவெளியில் ஒரு போன் வரக்கூடும். “சைபர் செல்லிலிருந்து பேசறோம், உங்க பணத்த மீட்டுட்டோம், ப்ராசஸிங் ஃபீ மட்டும் கட்டுங்க” என்பார்கள். கட்டணம் கேட்டு எந்தப் போலீஸும் பணத்தை மீட்டுத் தருவதில்லை. அந்த எண்ணை சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் புகார் செய்துவிட்டு பிளாக் செய்யுங்கள்.